பாடபேதம் தேடியவரின் நூலகம்

1869ஆம் ஆண்டு மே 15 அன்று லண்டனில் அலெக்சாண்டர் டைஸ் காலமானார். வயது எழுபது. மணம் செய்துகொள்ளாதவர். வீடு நிறையப் பழைய புத்தகங்கள். அந்தக் காலத்து வழக்கப்படி அவை ஏலக்கூடத்துக்குப் போயிருக்க வேண்டும். கட்டுக்கட்டாகப் பிரிந்து ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நூறு வீடுகளில் தங்கியிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. சுமார் 14,000 நூல்களையும், அவற்றோடு ஓவியங்கள், சிற்றோவியங்கள், கோட்டுச் சித்திரங்கள், மோதிரங்களையும் தென் கென்சிங்டன் அருங்காட்சியகத்துக்கு அவர் எழுதிவைத்திருந்தார். 1899 முதல் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் என்று வழங்கும் அதே இடத்தில், டைஸ் தொகுப்பு என்ற பெயரோடு அந்த நூல்கள் இன்றும் கலையாமல் இருக்கின்றன. ஆங்கிலக் கவிதை, நாடகம், கிரேக்க லத்தீன் செவ்வியல் நூல்கள், இத்தாலிய இலக்கியம் ஆகியவை தொகுப்பின் பெரும்பகுதி. 1623இல் வெளிவந்த ஷேக்ஸ்பியரின் முதல் ஃபோலியோவும் அதில் ஒன்று.

முதல் ஃபோலியோ இருக்கிறது என்றதும் பார்வையாளர் கண் அதன்மேல்தான் போகும். ஆனால் இந்த நூலகத்தின் பெருமை அதில் இல்லை என்பது என் எண்ணம். பணம் உள்ள எவரும் ஃபோலியோ வாங்கலாம். டைஸ் வாங்கியவற்றில் பெரும்பாலானவை அன்று யாரும் படிக்காத கவிஞர்களின் நூல்கள், அட்டை கிழிந்த நாடகப் பிரதிகள், எவர் எழுதியது என்றே தெரியாத கையெழுத்துப்படிகள். ஒரு வரி எப்படி எழுதப்பட்டது, அச்சகத்தில் எப்படித் திரிந்தது, பின்வந்தவர்கள் அதை எப்படிக் கெடுத்தார்கள் என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அவர் வாங்கினார். அதனால் அவருடைய நூலகத்தையும் அவர் வெளியிட்ட பதிப்புகளையும் பிரித்துப் பேச முடியாது. ஒன்று பட்டறை, மற்றது அதில் செய்த வேலை.

டைஸ் 1798 ஜூன் 30 அன்று எடின்பரோவில் பிறந்தார். தந்தை கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் லெப்டினன்ட் ஜெனரல் பதவிவரை உயர்ந்தவர். மகன் பிறந்த மறு ஆண்டே பெற்றோர் இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டார்கள். குழந்தை அபர்தீனில் அத்தைமாரிடம் வளர்ந்தது. பள்ளிப்படிப்பு எடின்பரோவில், பட்டம் ஆக்ஸ்ஃபோர்டில். மகனும் கம்பெனி உத்தியோகத்துக்கு வரவேண்டும் என்பது தந்தையின் விருப்பம். டைஸ் மறுத்தார். அதற்கு மாற்றாகத் திருச்சபைப் பணியை ஏற்று, கார்ன்வாலிலும் சஃபக்கிலும் துணைக்குருவாகச் சில ஆண்டுகள் இருந்தார். 1825இல் அதையும் விட்டுவிட்டு லண்டனுக்கு வந்து கிரேஸ் இன் வளாகத்தில் குடியேறினார். அங்கிருந்து பிரிட்டிஷ் மியூசியம் நடந்துபோகும் தூரம்தான். பிழைப்புக்காக வேலை பார்க்க வேண்டிய நிலை அவருக்கு இல்லை. அந்தக் குடும்பத்தின் வசதிக்குப் பின்னால் கம்பெனிச் சேவையின் நீண்ட ஆண்டுகள் இருந்தன என்பதை இந்தியாவில் இருந்து படிக்கிற நாம் மறக்கக்கூடாது. பெயருக்கு முன் ‘ரெவரெண்ட்’ பட்டம் கடைசிவரை இருந்தது. வாழ்க்கை முழுக்கப் புத்தகங்களோடு கழிந்தது.

அவர் கையில் எடுத்த இலக்கியம் எந்த நிலையில் இருந்தது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் இந்தச் சேகரிப்பின் அருமை புரியும். எலிசபெத் காலத்து நாடகங்களும் சிறு கவிதை நூல்களும் மலிவான வெளியீடுகளாகவே பிறந்தவை. ஆக்ஸ்ஃபோர்டில் பெரும் நூலகம் நிறுவிய தாமஸ் பாட்லி, 1612இல் தம் நூலகருக்கு எழுதிய கடிதத்தில், இப்படிப்பட்ட நாடகப் புத்தகங்களை உள்ளே சேர்க்கவேண்டாம் என்று காரணங்களை அடுக்கினார். அப்போது ஷேக்ஸ்பியர் உயிரோடிருந்தார். அடுத்த நூற்றாண்டில் ஜான் வார்பர்ட்டன் என்ற சேகரிப்பாளர் ஐம்பதுக்கும் மேற்பட்ட பழைய நாடகங்களின் கையெழுத்துப்படிகளைத் திரட்டிவைத்தார். தம் கவனக்குறைவாலும் சமையற்காரியின் அறியாமையாலும் அவற்றில் பெரும்பகுதி அடுப்புக்கும் பலகாரத் தட்டுக்கும் போய்விட்டதாக அவரே பட்டியலிட்டு எழுதிவைத்தார். அந்தக் கதையை அப்படியே நம்பலாமா என்று ஐயப்படும் அறிஞர்கள் உண்டு. படிகள் அழிந்தன என்பதில் ஐயமில்லை.

பெரிய நிறுவனங்கள் ஒதுக்கியதைத் தனிமனிதர்கள் காத்தார்கள். நடிகர் டேவிட் கேரிக் தாம் திரட்டிய பழைய நாடகங்களை பிரிட்டிஷ் மியூசியத்துக்கு விட்டுச்சென்றார். எட்மண்ட் மலோன் என்ற ஷேக்ஸ்பியர் அறிஞரின் தொகுப்பு ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போனது. பாட்லி வேண்டாம் என்றவை இருநூறு ஆண்டு கழித்து அவர் பெயரால் விளங்கும் நூலகத்துக்குள்ளேயே நுழைந்தன. எல்லாருக்கும் இந்த நற்பேறு வாய்க்கவில்லை. ரிச்சர்ட் ஹீபர் என்பவர் ஒரு நூலுக்கு மூன்று படியாவது வேண்டும் என்று கருதியவர். இங்கிலாந்திலும் ஐரோப்பிய நகரங்களிலும் பல வீடுகளைப் புத்தகங்களால் நிரப்பியவர். அறிஞர்களுக்குத் தாராளமாக இரவல் கொடுத்தவரும்கூட. 1833இல் அவர் இறந்ததும் அந்தக் கடல் போன்ற நூலகம் ஆண்டுக்கணக்கில் ஏலத்தில் விற்கப்பட்டுச் சிதறியது. டைஸ் அப்போது முப்பத்தைந்து வயதுப் பதிப்பாசிரியர். ஒரு மனிதரின் ஆயுட்காலத் திரட்டு எப்படிக் கலைகிறது என்பது அவருடைய தலைமுறை கண்ணெதிரே பார்த்த காட்சி.

ஒரே நூலுக்குப் பல படிகள் எதற்கு என்ற கேள்வி எழலாம். அன்றைய அச்சுமுறையில் விடை இருக்கிறது. அச்சிட்ட தாளை ஒரு முறை மடித்தால் ஃபோலியோ, இரண்டு முறை மடித்தால் குவார்ட்டோ. ஷேக்ஸ்பியர் காலத்து அச்சகத்தில் எழுத்துக் கோத்துத் தாள்கள் ஓடத் தொடங்கிய பிறகும் பிழை பார்ப்பார்கள். நடுவில் இயந்திரத்தை நிறுத்தி ஈய எழுத்தை மாற்றிவிட்டு மீண்டும் ஓட்டுவார்கள். காகிதத்தின் விலை அதிகம் என்பதால் பிழையோடு அச்சான தாள்களைக் கழிப்பதில்லை. திருத்திய தாளும் திருத்தாத தாளும் கலந்தே கட்டப்படும். ஆகவே ஒரே பதிப்பின் இரண்டு படிகள் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஓலைச்சுவடிகளுக்கு மட்டும்தான் பாடபேதம் உண்டு, அச்சு வந்ததும் அது ஒழிந்துவிட்டது என்ற எண்ணம் சரியல்ல. 16, 17ஆம் நூற்றாண்டுகளின் ஒவ்வொரு அச்சுப்படியும் ஏறக்குறைய ஒரு சுவடிதான். இந்த உண்மையை முழு அறிவியலாக வகுத்தவர்கள் இருபதாம் நூற்றாண்டினர். ஆனால் படிகளைப் பக்கம்பக்கமாக வைத்து ஒப்பிடும் பொறுமையை டைஸ் போன்றவர்கள்தான் முதலில் பழக்கப்படுத்தினார்கள்.

1808இல் சார்லஸ் லாம், ஷேக்ஸ்பியர் காலத்து நாடக ஆசிரியர்களிடமிருந்து சிறந்த பகுதிகளைத் தேர்ந்து ஒரு தொகுப்பு வெளியிட்டார். வாசகர்களுக்கு அது கண்திறப்பு. ஆனால் அந்தப் பகுதிகள் இருக்கும் நாடகங்களை முழுதாகப் படிக்க வழியில்லை. அந்த இடத்தை நிரப்பியவர் டைஸ். 1828இல் ஜார்ஜ் பீல், 1830இல் ஜான் வெப்ஸ்டர், 1831இல் ராபர்ட் கிரீன் என்று அடுத்தடுத்துப் படைப்புத் தொகுதிகள் வந்தன. வெப்ஸ்டரின் படைப்புகள் ஒரே தொகுப்பாக அச்சானது அதுவே முதல் தடவை. 1840இல் தாமஸ் மிடில்டன் ஐந்து தொகுதிகளில், 1843 முதல் 1846 வரை போமான்ட், ஃபிளெட்சர் இருவரின் நாடகங்கள் பதினொரு தொகுதிகளில், 1850இல் மார்லோ, 1857இல் ஷேக்ஸ்பியர். நடுவில் பதிப்பாளர் வில்லியம் பிக்கரிங்கின் ஆல்டைன் கவிஞர் வரிசைக்கு போப், ஏகன்சைட், பீட்டி ஆகியோரையும் ஷேக்ஸ்பியரின் கவிதைகளையும் தந்தார். ஒரு பல்கலைக்கழகத் துறையே செய்யவேண்டிய வேலை. ஆங்கில இலக்கியத்துக்கு ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் தனித்துறை என்பதே இல்லாத காலத்தில், சம்பளமோ உதவியாளர்களோ இல்லாமல், தம் அலமாரியையும் மியூசியத்தையும் நம்பி ஒருவர் செய்தது.

அந்த அலமாரியிலிருந்து இரண்டு பொருள்களை மட்டும் எடுத்துச் சொல்கிறேன். முதலாவது, பிலிப் மாசிஞ்சர் எழுதிய ‘மிலான் கோமகன்’ நாடகத்தின் 1623ஆம் ஆண்டு குவார்ட்டோ. இது மாசிஞ்சர் தம் புரவலர் சர் பிரான்சிஸ் ஃபோல்ஜம்புக்குப் பரிசளித்த படி. உள்ளே அவர் கைப்பட எழுதிய கவிதை ஒன்று இருக்கிறது. அச்சுப்பிழைகளைப் பேனாவால் அவரே திருத்தியும் இருக்கிறார். ஷேக்ஸ்பியர் தலைமுறை நாடக ஆசிரியர் ஒருவர் தம் அச்சு நூலைக் கையில் வைத்துக்கொண்டு, எது தம் சொல், எது அச்சுக்கோப்பவரின் சொல் என்று காட்டும் சான்று மிக அரிது. நாடகாசிரியர்கள் தங்கள் நூல் அச்சாவதைப் பற்றிக் கவலைப்படவில்லை என்ற பொதுக் கருத்துக்கு இந்த ஒரு படியே மறுப்பு.

இரண்டாவது ஒரு கையெழுத்துப்படி. ஃபிளெட்சரும் கூட்டாளிகளும் எழுதிய ‘நேர்மையாளனின் பேறு’ என்ற நாடகம் அது. அரங்குகளுக்கு அனுமதி வழங்கும் அதிகாரியாக இருந்த சர் ஹென்றி ஹெர்பர்ட் கடைசிப் பக்கத்தில் கைப்பட ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார்: இது பழைய நாடகம், அனுமதி பெற்ற மூலப்படி தொலைந்துவிட்டதால் மறுபடி அனுமதிக்கப்படுகிறது. அந்தக் குறிப்பின் ஆண்டு இன்றைய நாட்காட்டிக் கணக்கில் 1625. மன்னரின் நாடகக் குழுவில் நூல்காப்பாளராக இருந்த எட்வர்ட் நைட் எழுதிய படி இது. 1647இல் அச்சான போமான்ட் ஃபிளெட்சர் ஃபோலியோவில் இதே நாடகத்தின் முடிவுப்பகுதி வேறாக இருக்கிறது. அச்சில் வந்ததும் மேடைக்காக எழுதியதும் ஒன்றல்ல என்பதை இந்த ஓர் ஏட்டுக்கட்டு கண்முன் நிறுத்துகிறது. மாசிஞ்சரின் ‘காதல் பாராளுமன்றம்’, ஆசிரியர் பெயர் தெரியாத ‘டைமன்’ ஆகிய நாடகங்களின் கையெழுத்துப்படிகளும் டைஸிடம்தான் தங்கின. ‘டைமன்’ நாடகத்தை 1842இல் அவரே பதிப்பித்தார்.

ஆயினும் டைஸின் உழைப்பில் எனக்கு மிகவும் பிடித்தது ஷேக்ஸ்பியர் வட்டாரத்தைச் சேர்ந்ததல்ல. அதற்கு நூறு ஆண்டு முற்பட்ட ஜான் ஸ்கெல்டன். எட்டாம் ஹென்றி இளவரசராக இருந்தபோது ஆசிரியராக இருந்தவர், 1529இல் இறந்தவர். குறுகிய அடிகளில், ஒரே இயைபைத் தொடுத்துக்கொண்டே ஓடும் வேகமான பாட்டு அவருடையது. பேச்சுமொழியும் வசையும் வழிபாடும் அதில் கலந்து கிடக்கும். பதினெட்டாம் நூற்றாண்டின் நாகரிக ரசனைக்கு அது அருவருப்பு. அலெக்சாண்டர் போப் அவரை மிருகத்தனமானவர் என்றே ஒதுக்கினார். அந்தக் கவிஞருக்கு டைஸ் 1843இல் இரண்டு தொகுதிகளில் பதிப்புக் கொண்டுவந்தார். நாடகப் பதிப்புகளில் எழுத்துமுறையைத் தம் காலத்துக்கு மாற்றிய டைஸ், ஸ்கெல்டனில் பழைய எழுத்துமுறையை அப்படியே விட்டார். புரியாத சொல்லுக்கு எல்லாம் அந்த நூற்றாண்டின் பிற நூல்களிலிருந்து எடுத்துக்காட்டுத் தந்து குறிப்பு எழுதினார். இந்தக் குறிப்புகளை அகராதி பார்த்து எழுதிவிட முடியாது. அந்தக் காலத்துச் சில்லறைப் பாட்டுப் புத்தகங்கள், சமையல் குறிப்புகள், வேட்டை நூல்கள், பழைய சொற்பட்டியல்கள் எல்லாம் படித்து நினைவில் வைத்திருந்தால்தான் முடியும். இருபதாம் நூற்றாண்டில் ராபர்ட் கிரேவ்ஸும் ஆடனும் ஸ்கெல்டனைத் தங்கள் முன்னோடியாகக் கொண்டாடினார்கள். அவர்கள் கொண்டாடும்படி அவர் உயிரோடு வந்து சேர்ந்ததற்கு டைஸ் பதிப்பே முதற்காரணம். 1983இல் ஸ்கேட்டர்குட் பதிப்பு வரும்வரை, 140 ஆண்டுகள், ஸ்கெல்டனுக்கு அறிஞர்கள் மேற்கோள் காட்டிய மூலம் டைஸ்தான்.

இதற்கெல்லாம் முன்னால், லண்டனுக்கு வந்த புதிதில், 27 வயதில் அவர் செய்த ஒரு காரியத்துக்கு இலக்கிய வரலாறுகள் தரவேண்டிய இடத்தைத் தரவில்லை. 1825இல் ‘பிரித்தானியப் பெண் கவிஞர்களின் மாதிரிகள்’ என்ற தொகைநூலை அவர் வெளியிட்டார். 1755இல் கோல்மனும் தார்ன்டனும் பதினெட்டுப் பெண் கவிஞர்களின் பாடல்களைத் தொகுத்திருந்தார்கள். அதில் கவிஞர்கள் அகரவரிசையில் நின்றார்கள். டைஸ் காலவரிசையில் வைத்தார். பதினைந்தாம் நூற்றாண்டின் ஜூலியானா பெர்னர்ஸில் தொடங்கி, அப்போது இளம் கவிஞராக இருந்த லெட்டீஷியா லாண்டன்வரை வந்தார். இடையில் கேத்தரின் ஃபிலிப்ஸ், நியூகாசில் கோமகள் மார்கரெட், ஆஃப்ரா பென், ஆன் கில்லிக்ரூ, வின்சில்சி பிரபு மனைவி ஆன் ஃபின்ச். அகரவரிசையில் இவர்கள் தனித்தனி விந்தைகள். காலவரிசையில் வைத்ததும் நானூறு ஆண்டு நீளும் ஒரு மரபு தெரிகிறது. அந்த ஒரே மாற்றத்தால் தொகைநூல் வரலாறாகிவிட்டது. பெண்கள் எழுதிய நூல்களைத் தேடிப்பிடித்து வாங்குபவர் அன்று மிகச் சிலர். கடைக்காரர்களிடம் அவற்றுக்கு விலையும் இல்லை. அப்படிக் கிடந்தவற்றைப் புரட்டி, படித்து, தேர்ந்துதான் இந்தத் தொகையைக் கட்டமுடிந்தது.

இதை மதித்தவர்களில் ஒருவர் வேர்ட்ஸ்வொர்த். மில்டனுக்கும் தாம்சனுக்கும் இடைப்பட்ட ஆங்கிலக் கவிதையில் இயற்கையைப் புதிதாகக் கண்ட படிமம் அரிது என்று 1815இலேயே சொன்ன அவர், விதிவிலக்காகக் காட்டிய ஒருசிலவற்றில் ஆன் ஃபின்ச்சின் இரவுக் கவிதை ஒன்று. 1819இல் ஃபின்ச்சின் பாடல்களைப் பிற பாடல்களோடு ஒரு கையேட்டில் தொகுத்து, மேரி லோதர் என்ற சீமாட்டிக்குப் பரிசாகத் தந்திருந்தார். டைஸின் தொகை கைக்கு வந்ததும் இருவருக்கும் கடிதப் போக்குவரத்து தொடங்கியது. ஃபின்ச்சிடமிருந்து இன்னும் எதை எடுத்திருக்கலாம், எதை விட்டிருக்கலாம் என்று மூத்த கவிஞர் பக்கம்பக்கமாக யோசனை எழுதினார். 1833இல் டைஸ் வெளியிட்ட ஆங்கில சானெட் தொகுப்பு வேர்ட்ஸ்வொர்த்துக்குத்தான் காணிக்கை. கவிஞரும் பதிப்பாசிரியரும் ஒரு மறக்கப்பட்ட பெண்ணின் வரிகளைப் பற்றி இத்தனை அக்கறையோடு பேசிக்கொண்ட அந்தக் கடிதங்களை ஆங்கில இலக்கியம் படிக்கும் மாணவர் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும்.

பெண் கவிஞர்களின் தொகை வெளிவந்து இருபது ஆண்டு கழித்து, 1845இல், பின்னாளில் பிரௌனிங் என்று பெயர்பெற்ற கவிஞர் எலிசபெத் பாரெட் ஒரு கடிதத்தில், கவிதையில் தமக்குப் பாட்டிமாரைத் தேடித் தேடிப் பார்த்ததாகவும் ஒருவரும் கிடைக்கவில்லை என்றும் வருந்தினார். எழுதிய பெண்கள் இருந்ததை அவர் அறிவார். அவர்களைத் தம் அளவுகோலில் கவிஞர்களாக ஏற்கவில்லை என்பதே அவர் கருத்து. அந்தத் தீர்ப்பு அவருக்கு உரியது. ஆனால் ஃபின்ச்சைப் பற்றியவரை நான் டைஸின் பக்கமும் வேர்ட்ஸ்வொர்த்தின் பக்கமும் நிற்கிறேன். பாட்டிமார் இருந்தார்கள். அவர்களை வீட்டுக்குள் அழைத்து உட்காரவைத்த அலமாரிதான் அரிதாக இருந்தது.

பெண் கவிஞர்களின் அந்தத் தொகையை வெளியிட்டவர் தாமஸ் ராட் என்ற லண்டன் புத்தக வணிகர். அந்தப் பெயர் டைஸின் வாழ்க்கையில் இன்னொரு முறை, மிகக் கசப்பான வகையில் வருகிறது.

ஜான் பெய்ன் காலியர் டைஸைவிட ஒன்பது வயது மூத்தவர், நெடுநாள் நண்பர், பழைய ஆங்கில இலக்கியத்தில் அவருக்கு இணையாக அறிந்தவர்கள் மிகக் குறைவு. 1840இல் தோன்றிய ஷேக்ஸ்பியர் சங்கத்தில் இருவரும் சேர்ந்து உழைத்தார்கள். 1852 ஜனவரியில் காலியர் ஒரு செய்தியை அறிவித்தார். மூன்று ஆண்டுக்கு முன் ராட் கடையில் 30 ஷில்லிங்குக்கு 1632ஆம் ஆண்டின் இரண்டாம் ஃபோலியோ ஒன்றை வாங்கியதாகவும், அதன் ஓரங்களில் பதினேழாம் நூற்றாண்டுக் கையெழுத்தில் ஆயிரக்கணக்கான திருத்தங்கள் இருப்பதாகவும் சொன்னார். அட்டையில் பெர்க்கின்ஸ் என்ற பெயர் இருந்ததால் அது பெர்க்கின்ஸ் ஃபோலியோ ஆயிற்று. ஷேக்ஸ்பியர் காலத்துக்கு நெருங்கிய ஒருவர், ஒருவேளை நாடக அரங்கோடு தொடர்புடையவர், சரியான பாடத்தை எழுதிவைத்திருக்கிறார் என்றால் அதுவரை வந்த எல்லாப் பதிப்புகளும் செல்லாது. விற்றதாகச் சொல்லப்பட்ட ராட் 1849 ஏப்ரலிலேயே இறந்துவிட்டார். கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை.

டைஸ் 1853இலேயே அந்தத் திருத்தங்களை ஆராய்ந்து எழுதினார். அவருடைய முறை எளியது, கடுமையானது. திருத்தியவர் போடச்சொல்லும் சொல் அந்தக் காலத்தில் அந்தப் பொருளில் வழங்கியதா? பிழை என்று அவர் நீக்கச்சொல்லும் சொல் அதே காலத்து வேறு நூல்களில் வருகிறதா? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடப் பேர்போன நூல்கள் போதா. பீலும் கிரீனும் மிடில்டனும், பேரில்லாத துண்டுப் பாடல்களும் வேண்டும். முப்பதாண்டுச் சேகரிப்பு இங்கே கைகொடுத்தது. பிழை என்று தள்ளப்பட்ட சொல் பலவும் அன்றைய இயல்பான வழக்குதான் என்று அவரால் நூலும் பக்கமும் சொல்லிக் காட்ட முடிந்தது. பொருத்தமானவை என்று தோன்றிய சில திருத்தங்களைத் தம் 1857 பதிப்பில் ஏற்றுக்கொள்ளவும் செய்தார். அந்த அளவுக்கு நடுநிலையாக இருந்தார். 1858இல் காலியர் தம் புதிய பதிப்பின் முன்னுரையில் டைஸைத் தாக்கினார். 1859இல் டைஸ் ஒரு முழு நூலாகவே மறுப்பு எழுதினார். நட்பு முறிந்தது.

அதே 1859இல் அந்த ஃபோலியோ பிரிட்டிஷ் மியூசியத்துக்கு ஆய்வுக்காக வந்தது. கையெழுத்துப் பிரிவின் ஹாமில்டனும் கனிமவியலாளர் மாஸ்கலினும் சோதித்தார்கள். பழைய மை போலத் தோன்றிய எழுத்துகளுக்கு அடியில் புதுக்கால பென்சில் கோடுகள் இருந்தன. முதலில் பென்சிலால் குறித்துக்கொண்டு, அதன்மேல் பழங்காலக் கையெழுத்தைப் போல மையால் எழுதியிருக்கிறார்கள். காலியர் கடைசிவரை குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அவர் வெளியிட்ட ஆவணம் ஒவ்வொன்றையும் சந்தேகத்தோடு சோதிக்கவேண்டிய சுமை பின்வந்த தலைமுறைகள் தலையில் விழுந்தது. இன்றும் அந்தச் சுமை தீரவில்லை. இத்தனைக்கும் காலியரின் கல்வி பொய்யல்ல. அதுதான் இதில் வேதனை.

நூற்சேகரிப்பு வேறொரு விதமாகவும் கெட்டுப்போகும் என்பதற்கு, காலியருக்குப் பின்வந்த தாமஸ் வைஸ் சான்று. விக்டோரியக் கவிஞர்களின் அரிய முதற்பதிப்புகள் என்று இவர் புழக்கத்தில் விட்ட பல சிறுநூல்கள் போலி என்று 1934இல் கார்ட்டரும் பொல்லார்டும் காகிதத்தையும் அச்செழுத்தையும் ஆராய்ந்து நிறுவினார்கள். எலிசபெத் பாரெட் பிரௌனிங்கின் சானெட்டுகள் 1847இல் அச்சானதாகக் காட்டிய சிறுநூல் அவற்றில் பேர்போனது. பிறகு இன்னும் கொடிய செய்தி வெளிவந்தது. குறைப்பட்ட பழைய நாடகப் படிகளை முழுமையாக்க, பிரிட்டிஷ் மியூசியத்துப் படிகளிலிருந்து 200க்கும் மேற்பட்ட ஏடுகள் திருடப்பட்டிருந்தன. கேரிக் விட்டுச்சென்ற நூல்களும் அதற்குத் தப்பவில்லை. வைஸுக்கு வேண்டியது குறையில்லாத, விலை ஏறிய படி. டைஸுக்கு வேண்டியது அந்தப் படியில் இருந்த பாடம். இருவர் வீட்டு அலமாரியையும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே தெரிந்திருக்கும்.

1844இல் டைஸ் செய்த ஒரு வேலையின் பயன் அவருக்கே தெரியாது. ‘சர் தாமஸ் மோர்’ என்ற நாடகத்தின் கையெழுத்துப்படி பிரிட்டிஷ் மியூசியத்தில் இருந்தது. பலர் கைபட்ட, சிதைந்த படி. அதை முதன்முதலாகப் படித்து அச்சுக்குக் கொண்டுவந்தவர் அவர். டைஸ் இறந்து இரண்டு ஆண்டு கழித்து, 1871இல், ரிச்சர்ட் சிம்ப்சன் அதில் ஷேக்ஸ்பியரின் சொந்தக் கையெழுத்து இருக்கலாம் என்று எழுதினார். அதன்பின் உலகிலேயே அதிகம் ஆராயப்பட்ட ஏடுகளில் ஒன்றாக அது ஆகிவிட்டது. இதற்கிடையே, ஏடுகளைக் காப்பதாக நினைத்து மேலே ஒட்டிய தாளினால் பல இடங்களில் எழுத்து மறைந்துபோனது. 1911இல் கிரெக் அந்த நாடகத்தைப் பதிப்பித்தபோது, அப்படி அழிந்த இடங்களுக்கு டைஸ் படித்து எழுதியதையே ஆதாரமாகக் கொள்ள வேண்டியிருந்தது.

அவரிடம் குறைகள் இல்லாமல் இல்லை. நாடகங்களில் பழைய எழுத்துமுறையை மாற்றியது இன்றைய ஆய்வாளருக்கு இடைஞ்சல். மற்றப் பதிப்பாசிரியர்களின் சிறு பிழையையும் கடுஞ்சொல்லால் அடித்தார். அவருடைய அடிக்குறிப்புகளில் பாதி, பிறரைத் திருத்துவதற்கே செலவாகிறது. அவர் தந்த மிடில்டன் பாடத்தை 2007இன் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பு முற்றாகப் பின்தள்ளிவிட்டது. பதிப்புக்கு இது இயல்பு; அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன்.

நூலகம் போய்ச் சேர்ந்த இடம் சற்று விசித்திரமானது. தென் கென்சிங்டன் அருங்காட்சியகம் கவிதைக்காகத் தொடங்கியதல்ல. 1851 பெரும் கண்காட்சியின் விளைவாக, கைத்தொழிலுக்கும் அலங்காரக் கலைக்கும் பிறந்த நிறுவனம். பகலில் வேலை செய்பவர்களும் வந்து பார்க்கட்டும் என்று வாயு விளக்கேற்றி மாலையிலும் திறந்துவைத்த இடம். டைஸின் நெருங்கிய நண்பரும் டிக்கன்ஸின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவருமான ஜான் ஃபார்ஸ்டர் 1876இல் இறந்தபோது, தம் 18,000 நூல்களையும் டிக்கன்ஸ் நாவல்களின் கையெழுத்துப்படிகளையும் அதே இடத்துக்கு விட்டுச்சென்றார். பீங்கானும் நகையும் மரச்சாமானும் பார்க்க வருகிறவர்கள் நடமாடும் கட்டடத்துக்குள் இப்படி இரண்டு பெரும் இலக்கிய நூலகங்கள் அமைந்தன. நாடக ஆய்வாளர்கள் டைஸ் தொகுப்பை நன்கு பயன்படுத்தியிருக்கிறார்கள். கவிதை படிக்கிறவர்களின் கால்கள் பிரிட்டிஷ் நூலகத்துக்கும் பாட்லியன் நூலகத்துக்கும் போவதுபோல் இங்கே பழகவில்லை. இலக்கிய நிறுவனம் ஒன்றுக்கு அவர் கொடுத்திருந்தால் பெயர் பரவியிருக்கும் என்று தோன்றலாம். ஆனால் பெருநூலகம் ஒன்றில் சேர்ந்திருந்தால் இரட்டைப் படிகள் என்று பாதி விலக்கப்பட்டு, மீதி பொது வரிசையில் கரைந்திருக்கும். கலை அருங்காட்சியகத்தில் தனித்து நின்றதே அதைக் காப்பாற்றியது என்று நான் கருதுகிறேன்.

காலியர் 1883இல் இறந்தார். அவருடைய நூல்கள் மறு ஆண்டே சாத்பீஸ் ஏலத்தில் விலைபோயின. அவர் எதை எப்போது வாங்கினார், எந்தப் படியில் என்ன எழுதினார் என்று ஆராய்பவர்கள் இன்று பல நாட்டு நூலகங்களில் துப்புத் துலக்க வேண்டியிருக்கிறது. டைஸைப் பற்றி அதே கேள்விகளைக் கேட்பவருக்கு ஒரு கட்டடமும், 1875இல் அருங்காட்சியகம் இரண்டு தொகுதிகளில் அச்சிட்ட பட்டியலும் போதும். அந்தப் பட்டியலைப் படிக்க லண்டன் போகவேண்டியதில்லை. மின்படியாகவே இணையத்தில் கிடைக்கிறது. ஆங்கிலக் கவிதை படிப்பவர்கள், குறிப்பாகப் பெண் கவிஞர்களைப் பற்றி ஆய்வு செய்பவர்கள், ஷேக்ஸ்பியர் தலைப்பைத் தாண்டி மற்றத் தலைப்புகளில் அதைப் படியுங்கள். பெயர் தெரியாத கவிஞர் ஒருவரைக் கண்டதும் நின்று, அவருடைய நூலைத் தேடிப் படியுங்கள்.